லியோன் கூப்பிடுகிறான்

"அவர் திரும்பவும் கூப்பிடுறார்" என்று மட்டும் சொல்லிவிட்டு சிசிலியா தொலைபேசியை வைத்துவிட்டாள்.

நிவேதனா கையிலிருந்த தேநீரைக் குடிக்காமலே மேசையில் வைத்தாள். மானிப்பாயில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இருந்தது அவளுடைய அலுவலகம். காலையிலிருந்தே யன்னல் கதவுகள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. வாடைக்காற்று. மத்தியானமாகியும் வெளிச்சம் வரவில்லை.

"ஆரக்கா?" என்றான் பிலிப்பு.

"சிசிலியா. லியோன்ரை சமிக்ஞை திரும்பவும் வருதாம்."

பிலிப்பு தலைக்கவசத்தை எடுத்தான். "செத்த மனுசன் ஒழுங்காக் கூப்பிடுறார். உயிரோடை இருக்கிற என்ரை மச்சான் வருசப் பிறப்புக்கும் எடுக்கிறானில்லை."

சொன்னானே தவிர அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. அவனுடைய அண்ணன் றஞ்சித் அன்று விடியமுன் மீன்பிடித் தொழிலுக்குக் கடலுக்குப் போயிருந்தான்.

குருநகரில் மீனவக் குடும்பத்தில் பிறந்தும் படகில் ஏறினால் குடலைக் கக்குபவன் பிலிப்பு. கரையில் பிழைக்க வழி தேடியபோது நிவேதனாவிடம் வந்து சேர்ந்தான். அவளோ கொழும்பில் ஒரு வங்கியின் கணினிப் பாதுகாப்பைப் பார்த்தவள். ஊருக்குத் திரும்பி, பொலிசுக்குப் போக விரும்பாதவர்களின் சிக்கல்களை அவிழ்க்கும் தொழிலைத் தொடங்கியிருந்தாள்.

மோட்டார் சைக்கிள் யாழ்ப்பாணத்தை நோக்கி விரைந்தது. காற்று பக்கவாட்டில் தள்ளியது. பின்னால் இருந்த நிவேதனா சிசிலியா சொன்னதை எல்லாம் மறுபடி மனதில் ஓட்டிப் பார்த்தாள்.

ஐப்பசியில் ஒரு பெருங்காற்று நாளில் சிசிலியாவின் கணவன் லியோன் 'கடலரசி' என்ற தன் படகில் தனியே போனான். நெடுந்தீவுக்குத் தெற்கே படகு கவிழ்ந்தது. ஒவ்வொரு படகிலும் மீனவர் சங்கம் பூட்டிக் கொடுத்திருந்த சிறு பெட்டியில் ஒரு அவசரப் பொத்தான் உண்டு. ஒருமுறை விரலால் அமர்த்தினால் போதும், பற்றறி சாகும்வரை பெட்டி படகின் பெயரையும் இடத்தையும் கரைநிலையத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். லியோன் அமர்த்தினான். படகுகள் போயின. ஒரு எண்ணெய்க் கானைத் தவிர எதுவும் கிடைக்கவில்லை. உடலும் இல்லை.

கார்த்திகையில் ஒரு நாள் கரைநிலையத்தின் திரையில் மறுபடி சிவப்பு எரிந்தது. கடலரசி. அவசரம். அதே நெடுந்தீவுத் தெற்கு. போய்ப் பார்த்தவர்கள் வெறுங்கடலைப் பார்த்துவிட்டு வந்தார்கள். அன்றிரவே மறுபடி எரிந்தபோது போன படகு அலையில் புரளப் பார்த்தது. அதற்குப் பிறகு யாரும் போவதில்லை என்று சங்கம் முடிவெடுத்தது. கடலரசியின் சமிக்ஞை வந்தால் ஆட்களைக் கூட்டும் அபாயச் சங்கு ஊதவேண்டாம் என்றும் சொல்லிவிட்டது.

லியோனின் ஆவி என்றார்கள் சிலர். அவனைக் கொன்றவனிடம் பெட்டி இருக்கிறது, அவன்தான் விளையாடுகிறான் என்றார்கள் வேறு சிலர். இரண்டில் எது உண்மையானாலும் சிசிலியாவால் நித்திரை கொள்ள முடியவில்லை. போன கிழமை மானிப்பாய்க்கு பஸ் ஏறி வந்து நிவேதனாவின் முன்னால் உட்கார்ந்து, எனக்கு எதுவெண்டாலும் தெரியவேணும் என்று மட்டும் கேட்டாள்.

குருநகர் இறங்குதுறையில் பெண்கள் கூட்டமாக நின்றார்கள். ஒருவரும் சத்தமாகக் கதைக்கவில்லை. கடல் சாம்பல் நிறத்தில் பொங்கிக்கொண்டிருந்தது. கரைக்கு வந்து சேர்ந்த படகுகள் சில. வராதவை அதிகம். சங்கக் கட்டடத்தின் மேல்மாடியில்தான் கரைநிலையம். படிக்கட்டில் சிசிலியா சுவரோடு சாய்ந்து நின்றாள். அவர்களைப் பார்த்ததும் மேலே கையைக் காட்டினாள்.

அறைக்குள் ஜெரிசன் ஒருவன்தான் இருந்தான். நிலையத்தின் கணினியை அமைத்தவனும் அவன்தான், பார்த்துக்கொள்பவனும் அவன்தான். முப்பது வயதாகவில்லை. முகம் வெளுத்திருந்தது. திரையில் கடல் வரைபடம். அதில் பச்சைப் புள்ளிகளாகப் படகுகள். நெடுந்தீவுக்குத் தெற்கே சிவப்பாக ஒன்று எரிந்தது, அணைந்தது, கொஞ்ச நேரத்தில் மறுபடி எரிந்தது.

கடலரசி. அவசரம்.

பிலிப்பு முதலில் பச்சைப் புள்ளிகளுக்குள் அண்ணனின் படகைத் தேடினான். அனலைதீவுக்கு இப்பால் இருந்தது. மூச்சை விட்டான்.

நிவேதனா முன்பு வந்த சமிக்ஞைகளைக் காட்டச் சொன்னாள். ஜெரிசன் ஒவ்வொன்றாகத் திறந்தான். லியோன் மூழ்கிய நாள், கார்த்திகையில் வந்தவை, இன்று வந்தது. அவள் இடத்தைக் குறிக்கும் இலக்கங்களை மட்டும் பார்த்தாள். கடைசி இலக்கம் வரை ஒன்றே.

"பிலிப்பு, ஒரு பெட்டி கடலிலை கிடந்தா எவ்வளவு தூரம் இழுபடும்?"

"இந்த நீரோட்டத்துக்கோ? காலமை போட்டது பின்னேரம் வேறை தீவிலை கரையொதுங்கும். நங்கூரம் போட்ட வள்ளமே ஒரு இடத்திலை நிக்காது. ஆவியெண்டாலும் கொஞ்சம் அசையத்தானே வேணும்."

"அப்ப இது கடலிலையிருந்து வரேல்லை" என்றாள் நிவேதனா.

அவள் மெல்லத் திரும்பி ஜெரிசனைப் பார்த்தாள். இந்தக் கணினியை வேறு யாராவது தொடுகிறார்களா என்று கேட்டாள். இல்லை என்றான். திறவுகோல் வேறு யாரிடமாவது உண்டா என்றாள். அதற்கும் இல்லை. சொல்லும்போதே தன் பதில்கள் தன்னைச் சுற்றி வேலி கட்டுவது அவனுக்கு விளங்கியது. லியோன் அண்ணை தன்னைத் தூக்கி வளர்த்தவர், அவர் பெயரில் தான் ஏன் இப்படிச் செய்யவேண்டும் என்று தழுதழுத்தான்.

பிலிப்பு கதவோரமாகப் போய் நின்றுகொண்டான்.

நிவேதனா குற்றம் சாட்டவில்லை. மொட்டைமாடியில் நின்ற, சமிக்ஞை பிடிக்கும் அலைக்கம்பத்திலிருந்து கணினிக்கு வரும் கேபிள் எது என்று கேட்டாள். அவன் காட்டியதும் அதைக் கழற்றச் சொன்னாள்.

"அக்கா, வெளியிலை இத்தனை படகு நிக்குது. கழட்டினா ஆர் கூப்பிட்டாலும் எங்களுக்குத் தெரியாது."

"அது எனக்கும் விளங்குது. கொஞ்ச நேரம்தான். உள்ளுக்கிருந்து ஆரோ நடிச்சா, கேபிள் இல்லாமலும் லியோன் வருவான். கழட்டும்."

அவன் கழற்றினான். பச்சைப் புள்ளிகள் ஒன்றொன்றாக மங்கின. மூவரும் நெடுந்தீவின் தெற்கையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். யன்னல் கண்ணாடியில் மழை அறைந்தது. வழக்கமாக எரியவேண்டிய நேரம் கடந்தது. சிவப்பு வரவில்லை.

நிவேதனா தலையசைக்க, ஜெரிசன் அவசரமாகக் கேபிளை மாட்டினான். பச்சைகள் திரும்பின. அடுத்த கணம் சிவப்பும் எரிந்தது. கடலரசி. அவசரம்.

பிலிப்பின் கை தன்னிச்சையாகச் சிலுவை போட்டுக்கொண்டது. "கேபிள் வழியாத்தான் வாறான். ஆனா கடலிலையிருந்து வரேல்லை எண்டு நீங்களே சொல்லிப்போட்டியள். அப்ப எங்கையிருந்தக்கா வாறான்?"

அவளுக்கும் அது விளங்கவில்லை. வெளியிலிருந்து ஏதோ ஒன்று உண்மையாகவே வருகிறது. ஆனால் வந்தது காட்டும் இடம் பொய். இரண்டும் எப்படி ஒன்றாக இருக்க முடியும்?

பிலிப்பு திரையைப் பார்த்து முணுமுணுத்தான். இந்தப் பெட்டிகளே ராசியில்லாதவை, லியோன் அமர்த்தாமலே வருகிறான், அருளப்பு அமர்த்தியும் வரவில்லை என்றான்.

"எந்த அருளப்பு?"

அவன் தெருவில் இருக்கும் கிழவர். கார்த்திகைக் காற்றில் அவருடைய வள்ளம் கவிழ்ந்தது. ஒரு இரவு முழுக்கக் கவிழ்ந்த வள்ளத்தில் தொங்கிக்கொண்டு கிடந்து, காலையில் எழுவைதீவுக்காரர் கண்டு தூக்கினார்கள். தான் பொத்தானை அமர்த்தியதாகவும் ஒருவரும் வரவில்லை என்றும் இன்றுவரை சண்டை பிடிக்கிறார். நிலையத்தில் அப்படி எதுவும் பதியப்படவில்லை. குடிவெறியில் கிடந்தவர் என்று சிரித்துவிட்டார்கள். பிலிப்பும் சிரித்தவன்தான்.

"எந்த நாள் அது?" என்றாள் நிவேதனா. குரல் மாறியிருந்தது.

பிலிப்பு யோசித்தான். சொல்ல வாயெடுத்தவன் திரையைப் பார்த்தான், கார்த்திகையில் கடலரசி முதலாவதாகத் திரும்பி வந்த அந்த நாளைப் பார்த்தான்.

"அதே பின்னேரம்தான் அக்கா."

நிவேதனா ஜெரிசனின் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டாள். ஐப்பசிக்கும் கார்த்திகைக்கும் இடையில் இந்தக் கணினியில் என்ன மாற்றினீர் என்று கேட்டாள். எதையும் விடாமல் சொல்லச் சொன்னாள்.

அவன் சொன்னான். கம்பத்திலிருந்து வரும் செய்திகள் கணினியின் நெற்வேர்க் அட்டையில் வந்து விழும். வழக்கமாக அந்த அட்டையை இயக்குவது கேர்ணல், அதாவது கணினியின் உள்மையம். காற்று நாட்களில் எல்லாப் படகும் ஒன்றாக அனுப்பும்போது ஒரு செய்தியும் தேங்கக்கூடாது என்று, கேர்ணலை விலக்கித் தன் நிரலே அட்டையை நேராக இயக்கும்படி ஜெரிசன் ஒரு ட்றைவரை, அதாவது ஓட்டு நிரலை, எழுதியிருந்தான். சாதாரணச் செய்திகள் நினைவகத்தில் ஒரு இடத்தில் விழும், அவசரச் செய்திகள் தனியாக இன்னொரு இடத்தில் விழும். ஆனால் அட்டையை அப்படி வெளியே கொடுக்கக் கேர்ணலுக்குள்ளே ஒரு துணைநிரல் வேண்டும். அதில் இரண்டு வகை. பழையது அட்டையைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடும். அட்டை நினைவகத்தில் எங்கே எழுதினாலும் கேட்காது. அது ஆபத்து. புதியது காவல் நிற்கும். முன்கூட்டியே பதிந்த இடங்களில் மட்டுமே எழுத விடும். லியோன் போன பிறகு, நிலையம் இன்னும் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று, ஜெரிசன் தன் ட்றைவரை இரண்டு வகையோடும் வேலை செய்யும்படி திருத்தினான். புதியது இருந்தால் அதையே அது எடுத்துக்கொள்ளும்.

"ஒரு ட்றைவர், ரெண்டு முதலாளி" என்றான் பிலிப்பு. "எங்கடை மினிபஸ்காரருக்கே அது சரிவராது."

நிவேதனா சிரிக்கவில்லை. மாற்றும்போது கணினியை நிறுத்தி ஏற்றினீரா என்று கேட்டாள். இல்லை, படகுகள் வெளியே நின்றன, நிரலை மட்டும்தான் திருப்பி ஓடவிட்டேன் என்றான் அவன்.

கேர்ணல் எழுதிவைக்கும் முறைப்பாடுகளைத் திறக்கச் சொன்னாள். ஜெரிசன் திறந்தான். எழுத்துகள் கீழிருந்து மேலாக ஓடின. ஒரே வரி திரும்பத் திரும்ப நின்றது: அட்டை அனுமதியில்லாத இடத்தில் எழுதப் பார்த்தது, மறுக்கப்பட்டது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று விழுந்தது. அதே கணத்தில் வரைபடத்தில் சிவப்பு எரிந்தது.

ஜெரிசன் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டான்.

"சொல்லும்" என்றாள் நிவேதனா.

"சாதாரண இடத்தைப் புதுசிலை பதிஞ்சன். அவசர இடத்தைப் பதியேல்லை. மறந்திட்டன். பொத்தானை அமர்த்திப் பாத்தா ஊரே கரைக்கு ஓடிவரும் எண்டு அதைச் சோதிக்கவும் இல்லை."

மீதியை அவளே சொன்னாள். அவசரச் செய்தி ஒன்று வருகிறது. வந்துவிட்டது என்று அட்டை அறிவிக்கிறது. ஆனால் செய்தியை எழுதவிடாமல் காவல் தடுக்கிறது. நிரலுக்கு அது தெரியாது. அது போய் அந்த இடத்தில் இருப்பதை எடுத்துப் படிக்கிறது. அங்கே இருப்பது, பழைய முறையில் கடைசியாக விழுந்த அவசரச் செய்தி. பற்றறி சாகும்வரை லியோனின் பெட்டி அனுப்பி அனுப்பி அந்த இடம் முழுவதையும் நிரப்பிய செய்தி. கணினியை நிறுத்தாததால் அது அழியவும் இல்லை.

"அப்ப லியோன் கூப்பிடேல்லை" என்றான் பிலிப்பு மெதுவாக.

"இல்லை. அண்டைக்கு அருளப்பு கூப்பிட்டவர். எங்களுக்கு லியோன்ரை பேர் தெரிஞ்சுது." அவள் திரையைப் பார்த்தாள். சிவப்பு எரிந்து அணைந்தது. "இண்டைக்கும் ஆரோ உயிரோடை கூப்பிடுகினம். மத்தியானம் தொடக்கம் கூப்பிடுகினம். நாங்கள் சங்கு ஊதவேண்டாம் எண்டு சொல்லிப்போட்டு இருக்கிறம்."

பிலிப்பு திரும்பவும் அண்ணனின் பச்சைப் புள்ளியைத் தேடினான். காணவில்லை. பெட்டி அவசரத்தில் இருந்தாலும் சாதாரணச் செய்தியையும் அனுப்புமா என்று ஜெரிசனைக் கேட்டான். அனுப்பாது, கடைசியாக அனுப்பியது கொஞ்ச நேரம் திரையில் நிற்கும், பிறகு மங்கும் என்றான் ஜெரிசன். கரைக்குக் கிட்ட வந்துவிட்ட படகுகளும் பெட்டியை நிறுத்துவதால் மங்குவது வழக்கம். அதனால் மங்கியவர்களில் யார் என்று சொல்ல வழியில்லை. றஞ்சித்தின் புள்ளி கேபிள் கழற்றியபோது மங்கியது. மற்றவை திரும்பிவிட்டன. அது இன்னும் திரும்பவில்லை.

பிலிப்பு யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். அதன் பிறகு அவன் பகிடி விடவில்லை.

மறந்த இடத்தை நிரலில் சேர்க்கலாம் என்றான் ஜெரிசன். அவன் விரல்கள் விசைப்பலகையில் நடுங்கியதைப் பார்த்து நிவேதனா தடுத்தாள். இந்தக் கையால் இப்போது ஒரு வரியும் எழுதவேண்டாம். உம்முடைய ட்றைவருக்கு இரண்டு வகையும் தெரியும்தானே, பழையதுக்குத் திருப்பும் என்றாள். இன்றைக்கு ஆபத்தைப் பார்க்க நேரமில்லை.

அவன் நிரலை நிறுத்தினான். திரையில் ஒரு படகும் இல்லை. வெறும் கடலும் தீவுகளும் மட்டும். அட்டையைப் பழைய துணைநிரலிடம் கொடுத்துவிட்டு மறுபடி ஓட விட்டான். ஓடவில்லை. புதியது இன்னும் அட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தது. நிவேதனா அவன் தோளில் கைவைத்து, முதலில் அதனிடமிருந்து எடும், பிறகு இதனிடம் கொடும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். எடுத்தான். கொடுத்தான். ஓடவிட்டான்.

பச்சைப் புள்ளிகள் வரத் தொடங்கின. ஒன்று, பிறகு இரண்டு, பிறகு கூட்டமாக. அலையில் தவறிப்போயிருந்த ஒன்று அனலைதீவுக்கு இப்பால் வந்தது. றஞ்சித்.

பிலிப்பு திரையில் அந்தப் புள்ளியை விரலால் தொட்டான்.

அப்போது சிவப்பு எரிந்தது. நெடுந்தீவுப் பக்கம் அல்ல. அனலைதீவுக்கு வடமேற்கே, கற்பாறைகள் நீருக்கடியில் கிடக்கும் இடத்தில்.

சந்தனமாதா. அவசரம்.

"கஸ்பார் அண்ணையின்ரை படகு" என்றான் ஜெரிசன். "மூண்டு பேர் போனவை."

நிவேதனா சங்கு ஊதச் சொன்னாள். கட்டடம் அதிர்ந்தது. கீழே பெண்களின் குரல்கள் ஒன்றாக எழுந்தன. ஆனால் கரையிலிருந்து எந்தப் படகும் வெளிச்சம் போகுமுன் அங்கே சேராது. கிட்ட நிற்பது யார் என்று அவள் கேட்கத் தேவையிருக்கவில்லை. வரைபடத்தில் அந்தச் சிவப்புக்குப் பக்கத்தில் ஒரே ஒரு பச்சைதான் இருந்தது, அதுவும் கரையை நோக்கித் திரும்பியிருந்தது.

அவள் பிலிப்பைப் பார்த்தாள். அவனாகவே றேடியோவை எடுத்தான். கஸ்பாருக்கும் றஞ்சித்துக்கும் வலை வெட்டிய தகராறில் பேச்சு வார்த்தை இல்லாமல் போய் நெடுங்காலம். அதுவும் போக, அந்தப் பாறைகளுக்குள் இந்தக் காற்றில் படகை விடுவது என்றால் என்னவென்று கடலுக்குப் போகாத பிலிப்புக்கும் தெரியும்.

"அண்ணை, நான் பிலிப்பு. உங்களுக்கு வடமேற்கிலை சந்தனமாதா பாறையிலை கிடக்குது. மூண்டு பேர். கிட்ட நிக்கிறது நீங்கள் மட்டும்தான்."

இரைச்சல். காற்றின் இரைச்சலா றேடியோவின் இரைச்சலா தெரியவில்லை. நெடுநேரம் அதுவே கேட்டது. பிலிப்பு கண்களை மூடிக்கொண்டான்.

"உது லியோன்ரை மாதிரிக் கதையில்லையே?" என்றது றஞ்சித்தின் குரல்.

"இல்லை அண்ணை. இது உண்மை."

மறுபடி இரைச்சல். பிறகு, "சரி. அம்மாவிட்டை இப்ப சொல்லாதை" என்ற குரல். அதோடு நின்றுவிட்டது. திரையில் பச்சைப் புள்ளி மெல்லத் திரும்பியது.

அதற்குப் பிறகு செய்ய ஒன்றுமில்லை. பச்சை சிவப்பை நெருங்கியது. ஒரு இடத்தில் இரண்டும் ஒட்டின. பிறகு பச்சை அசையவில்லை. ஜெரிசன் வாய்க்குள் செபம் சொன்னான். நிவேதனா சைவசமயக்காரி, அவளும் எதையோ முணுமுணுத்தாள். பிலிப்பு றேடியோவைக் காதோடு அழுத்தியபடி நின்றான்.

சிவப்பு அணைந்தது. மறுபடி எரியவில்லை. பெட்டி நீருக்குள் போய்விட்டது என்றான் ஜெரிசன். வேறு எதுவும் சொல்ல அவனுக்குத் துணிவில்லை.

பச்சை மட்டும் அங்கேயே நின்றது. பிறகு, நம்ப முடியாத அளவு மெதுவாக, கரைப்பக்கம் நகர்ந்தது.

"பிலிப்பு" என்றது றேடியோ. "மூண்டு பேரும் என்னட்டை ஏறீட்டினம். கஸ்பாருக்குக் கால் முறிஞ்சுபோச்சு. அம்புலன்சுக்குச் சொல்லு."

பிலிப்பு றேடியோவை நிவேதனாவிடம் நீட்டிவிட்டுத் தொலைபேசியில் அம்புலன்சைக் கூப்பிட்டான். நிவேதனா றேடியோவை வாங்கிப் பதில் சொன்னாள்.

திரும்பியபோது கதவடியில் சிசிலியா நின்றாள். எப்போது மேலே வந்தாள், எவ்வளவு கேட்டாள் என்று யாருக்கும் தெரியாது. ஜெரிசன் எழும்பி அவள் முன்னால் போனான். தன் பிழையை அவளிடம் சொன்னான். அருளப்புவை அந்த இரவு கடலில் விட்டதும் தான்தான் என்றான். இப்போதே கீழே போய் எல்லாரிடமும் சொல்லப்போவதாகவும், அவர்கள் என்ன செய்தாலும் சரி என்றும் சொன்னான். அவள் அவனைத் திட்டவில்லை. வழிவிட்டாள். அவன் படியிறங்கிப் போனான்.

"லியோன்ரை அந்தச் செய்தி இன்னும் உள்ளுக்குக் கிடக்குதோ?" என்று சிசிலியா நிவேதனாவைக் கேட்டாள்.

நிவேதனாவுக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை. "இல்லை அம்மா. பதிவு மட்டும்தான் மிச்சம். சந்தனமாதாவின்ரை செய்தி அந்த இடத்திலைதான் திரும்பத் திரும்ப வந்து விழுந்தது. அது மேலை எழுதிப்போட்டுது."

சிசிலியா கதிரையில் உட்கார்ந்தாள். வெறுமையாகிவிட்ட நெடுந்தீவின் தெற்கைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே ஜெரிசனின் குரலும், அதை மேவி அருளப்புவின் குரலும் கேட்டன.

"அவற்றை ஆத்துமத்துக்குப் பூசை ஒப்புக்குடுக்கச் சொல்லி மாமி எத்தினை தரம் கேட்டவ" என்றாள் அவள். "கூப்பிடுற மனுசனுக்கு என்னெண்டு பூசை வைக்கிறது எண்டு நான்தான் விடேல்லை."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பினாள். பங்குச் சாமியார் கோயிலில்தான் இருப்பார், படகு வந்து சேரமுன் போய்ப் பூசைக்குச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று படியிறங்கினாள். பிலிப்பு அவளுக்குப் பின்னால் குடையை எடுத்துக்கொண்டு போனான்.